காலர் மைக்

ஒயர் பைப் போகிற தடத்தைச் சுவரில் சாக்பீசால் கோடு போட்டுவிட்டு, உளி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தான் பெலிக்ஸ். ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாய் எழும்புகிற வீடு. ஒயரிங் மேஸ்திரி சாமான் எடுக்கப் புதுக்கோட்டை போயிருந்தார். கண் இமையெல்லாம் சிமெண்டுத் தூசி. அந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

'தாஸ் அண்ணன் சவூதி' என்று எழுத்து ஒளிர்ந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பெலிக்ஸ் போனைச் செங்கல் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உளியை எடுத்தான். ஓங்கி அடித்த அடியில் தேவையில்லாத இடத்தில் பூச்சு ஒரு பாளமாய்ப் பெயர்ந்து விழுந்தது. மேஸ்திரி வந்தால் இதற்கு ஒரு பாட்டு உண்டு.

தாஸ் அண்ணன் என்பது ஆரோக்கியதாஸ். பெலிக்ஸ் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, மாடி வைத்த வீடு. சவூதியில் டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் இருக்கிற இடத்தில் போய் முழங்கால் போட ஒரு கோவில் கிடையாது. அதனால் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் கோவிலில் நடக்கிற பூசையை, வண்டிக்குள் உட்கார்ந்து போனில் பார்ப்பான். அந்தப் பூசையை யூடியூபில் லைவ் போடுவது பெலிக்ஸ்தான். கோவில் பங்கின் இளைஞர் குழுவில் இவனுக்குத்தான் அந்த வேலை தெரியும். போன லீவுக்கு வந்தபோது ஆரோக்கியதாஸ், கழுத்துப் பட்டையில் மாட்டுகிற குட்டி மைக் ஒன்றைக் கொண்டுவந்து இவன் கையில் கொடுத்தான். பங்குச் சாமி பிரசங்கம் வைப்பது கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது, இதைச் சாமி அங்கியில் மாட்டிவிடு, எனக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தான்.

அந்த மைக்தான் பெலிக்ஸைக் கொன்றது.

ஆரோக்கியதாஸின் அப்பா அடைக்கலம் போன மாதம் இறந்துபோனார். மகன் ஊருக்கு வர அங்கே முதலாளி காகிதம் கொடுப்பதற்கு நாளாகும் என்றதும், ஐஸ் பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அடக்கம் செய்வது என்று ஊரில் முடிவாயிற்று. வீட்டில் நாலைந்து பேர் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் ஆவி படிந்து, உள்ளே இருப்பது யார் என்றே தெரியவில்லை. ஆரோக்கியதாஸ் பெலிக்ஸுக்குப் போன் போட்டான். அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டு பாலைவனத்து ரோட்டில் போகிறேன், டவர் இருக்கிற வரைக்கும் பார்க்கிறேன், விட்டுப்போனதை ராத்திரி பார்த்துக்கொள்கிறேன், அப்பா முகத்தை மட்டும் கிட்டத்தில் காட்டிவிடு என்றான். பெலிக்ஸ் காட்டுகிறேன் என்றான். அவன் எடுக்கிறான் என்று தெரிந்து கல்லறையில் வேறு யாரும் போனைத் தூக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. போன் சூடேறி நின்றுபோகாமல் இருக்க, பெலிக்ஸின் கூட்டாளி கார்முகில் குடை பிடித்தான். கார்முகில் பக்கத்துத் தெரு, பட்டயப் படிப்பை இரண்டு பேரும் ஒன்றாய் முடித்தவர்கள். அவன் சாமி கும்பிடுவது கருப்பர் கோவிலில் என்றாலும் அந்தோணியார் தேருக்கு வடம் பிடிக்காமல் இருந்ததில்லை. பங்குச் சாமி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். அடுத்த ஊரில் கல்யாணப் பூசை இருந்ததால், மைக்கைக் கழற்றி பெலிக்ஸ் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். பெலிக்ஸ் அது தொலைந்துவிடக் கூடாதே என்று தன் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டான். அதை அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்கிற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

பெட்டியைக் குழி ஓரத்தில் வைத்துக் கடைசியாக மூடியைத் திறந்தார்கள். பெலிக்ஸ் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனான். அப்போது கார்முகில் காதோரம் கேட்டான்.

"மகன் வரவே மாட்டானாடா?"

"அவன் எங்க வரப்போறான். அப்பனுக்குப் போடுற மண்ணக்கூட ஜிபேயில அனுப்பிவிட்டுருவான்."

"அப்பப் பெட்டி மேல ஸ்கேனர ஒட்டச் சொல்லு."

இரண்டு பேரும் மூக்கால் சிரித்தார்கள். அவ்வளவுதான். கேட்க நாலு மூச்சு நேரம்கூட இல்லாத பேச்சு.

ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு பெலிக்ஸ் தன்னைத் தானே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டான். அடைக்கலத்தின் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆரோக்கியதாஸ் மேலும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் உள்ளே ஒன்று கிடந்தது. வெளிநாட்டு வேலைக்காகத் திருச்சிக்கு இரண்டு தடவை இன்டர்வியூவுக்குப் போய், இரண்டாவது தடவை எல்லாம் கூடி வந்து மெடிக்கலில் நின்றுபோனவன் அவன். நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் என்றார்கள். ஊருக்குத் திரும்பி, சுவர் கொத்துகிற வேலைக்குப் போனான். சாயங்காலம் தூசியோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மாடி வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த எரிச்சல்தான் அன்றைக்கு வேடிக்கை வேஷம் போட்டு வாய்க்கு வந்தது.

அடக்கம் முடிந்த அன்று பொழுது சாயும்போது, இளைஞர் குழுவின் வாட்ஸப்பில் ஒரு வீடியோத் துண்டு வந்து விழுந்தது. போட்டவன் சூசைராஜ். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவன், லைவை அங்கிருந்து பார்த்திருக்கிறான். அந்த இடத்தை மட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து, கீழே 'பெலிக்ஸ் சம்பவம்' என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஐந்தாறு போட்டிருந்தான். அதற்குக் கீழே இன்னும் பலர் சிரித்திருந்தார்கள்.

பெலிக்ஸ் அதைப் போட்டுக் கேட்டான். தன் குரல் சாமியின் பிரசங்கத்தைவிடத் தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரியே கேட்டது. சூசைராஜுக்குப் போன் போட்டுக் கெஞ்சி, குழுவிலிருந்து அதை எடுக்க வைத்தான். பிறகு யூடியூபில் போய் அடக்கத்தின் வீடியோ முழுவதையும் அழித்தான். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. அழி என்றான். அந்த இடத்தை மட்டும் வெட்டியிருக்கலாம் என்பது மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்ப எடுக்க வழியுண்டா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டான். இல்லை என்றார்கள்.

அதற்கு முந்தின மாதம் இளைஞர் கூட்டத்தில் நாவடக்கம் என்கிற தலைப்பில் கால் மணி நேரம் பேசியவன் இவன். அந்தோணியார் செத்துப் பல வருடம் கழித்துக் கல்லறையைத் திறந்தபோது உடம்பெல்லாம் மக்கி, நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததாம். நவநாளுக்கு வருகிற சாமியார்கள் வருடந்தோறும் சொல்கிற அந்தக் கதையை எடுத்து விளக்கிச் சொல்லி, கைதட்டும் வாங்கியிருந்தான். இப்போது வாய்க்குள் தன் நாக்கு கிடக்கிறது என்கிற நினைப்பே அவனுக்கு அருவருப்பாய் இருந்தது.

போன் மூன்றாம் தடவை அதிர்ந்தபோது பெலிக்ஸ் உளியை வைத்துவிட்டு எடுத்தான்.

ஆரோக்கியதாஸ் கோபமாய்ப் பேசவில்லை. அன்றைக்குக் கோவில் வாசலில் பெட்டியை இறக்குகிற வரைக்கும்தான் பார்த்தேன், அதோடு டவர் போய்விட்டது, அப்புறம் தேடினால் வீடியோவே இல்லையே தம்பி என்றான். இத்தனை நாள் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்தானாம்.

"அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணும்டா. ஐஸ் பொட்டிக்குள்ள பாத்தது அவரா இன்னொருத்தரான்னே தெரியல."

"ரெக்கார்டு ஆவலண்ணே. நெட்டு புட்டுக்குச்சு."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. நீ என்னடா செய்வ, ஒன் மேல தப்பில்ல என்று ஆரோக்கியதாஸ் இவனுக்கே ஆறுதல் சொன்னான். பெலிக்ஸ் சுவரைப் பார்த்தபடி நின்றான். தப்பாய்ப் பெயர்ந்த இடத்தில் செங்கல் பல்லிளித்தது.

யாரிடமாவது வேறு ஏதாவது வீடியோ இருக்கிறதா, கேட்டுப் பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டான். யாரிடமும் இருக்காது என்பது அவனுக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளிடம் இருக்கும். அடைக்கலத்தின் முகம் கிட்டத்தில், வெயிலில், தெளிவாய்த் தெரிகிற ஒரே துண்டு, இவன் சிரித்த அந்தத் துண்டுதான்.

சூசைராஜ் அதை இன்னும் வைத்திருந்தான். கேட்டதும் அனுப்பினான், மறுபடி சிரிக்கிற பொம்மையோடு. பெலிக்ஸ் கட்டி முடியாத அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அதை முழுதாய்ப் பார்த்தான். முதல் தடவை தன் குரலைத் தவிர எதுவும் அவன் காதில் ஏறியிருக்கவில்லை. இப்போதுதான் மீதி கேட்டது. இவர்கள் பேச ஆரம்பித்த உடனேயே அடைக்கலத்தின் மனைவி சந்தனம் பெட்டி ஓரத்திலிருந்து எழுந்து, விறுவிறுவென்று கேமராவுக்கு முன்னால் வந்து, மகனைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். சத்தமாய், கிட்டத்தட்டக் கத்துகிற மாதிரி. அவள் குரலும் இவர்கள் அடக்கிச் சிரித்த சிரிப்பும் கடைசி வரைக்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிரிக்க முடியாது.

பெலிக்ஸ் சத்தத்தை மொத்தமாய் எடுத்துவிட்டான். ஊமைப் படத்தை ஆரோக்கியதாஸுக்கு அனுப்பினான்.

பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. அதில் முதலில் அழுகைதான் இருந்தது. அப்புறம் பேச்சு.

"கடவுள் ஒன்னைய நல்லா வைப்பாருடா தம்பி. அப்பா தூங்குற மாதிரியே இருக்காரு. சத்தம் ஏன்டா வரல? எங்காத்தா கேமராவப் பாத்து வாயசைக்குது. என்னமோ எங்கிட்டத்தான் சொல்லுது. என்னடா சொல்லுச்சு?"

அழுதாங்கண்ணே, சரியாக் கேக்கல என்று பெலிக்ஸ் எழுதி அனுப்பினான். அது இன்னொரு பொய். உடனே அடுத்த செய்தி வந்தது. ஆத்தாவிடமே கேட்டுப் பார்த்தானாம். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்கிறதாம். அப்பா போனதிலிருந்து போனில் கூப்பிட்டால் ம் என்பதற்கு மேல் அது பேசுவதில்லை. அந்தச் சத்தம் எங்கேயாவது கிடந்தால் எப்படியாவது எடுத்துக் கொடு, உனக்குப் புண்ணியமாய்ப் போகும் என்றான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. வேலை விட்டதும் குளித்தும் குளிக்காமலும் பெலிக்ஸ் கோவிலுக்குப் போனான். சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு நல்ல வரிசை. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் எல்லாருக்கும் மனச்சாட்சி விழித்துக்கொள்ளும். இவன் முறை வந்து முழங்கால் போட்டதும், சொல்ல நினைத்து வந்ததை அவன் சொல்லவில்லை. பேசக் கூடாததைப் பேசினேன் சாமி, பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னான். கெட்ட வார்த்தையா என்று சாமி கேட்டார். அந்த மாதிரிதான் என்றான். பின்னால் வரிசை நீளமாய் நின்றது. சாமி மூன்று அருள் நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி, ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மூன்றையும் சொல்லி முடித்தான். முடித்த பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. அரைச் சுவர் கொத்திவிட்டு முழுச்சுவருக்கும் கூலி வாங்கிய மாதிரி இருந்தது. சாமியை ஏமாற்றிவிட்டான். சாமியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரை ஏமாற்ற முடியாது என்பது சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது. அது நிஜம் என்று அன்றைக்குத்தான் பயந்தான்.

மறுநாள் பூசைக்கு வழக்கம்போலத் தூண் ஓரத்தில் ஸ்டாண்டை விரித்துப் போனை மாட்டினான். மைக்கைச் சாமியின் அங்கியில் மாட்டிவிட்டான். சாமி அப்பத்தை நாக்கில் வைத்து நன்மை கொடுக்கிற நேரம் வந்து, வரிசை வரிசையாய் எல்லாரும் எழுந்து போனார்கள். உட்கார்ந்தே இருந்தால், என்ன பாவம் செய்தானோ என்று அக்கம் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பெலிக்ஸ் அதற்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தான்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. சந்தனம் வந்தாள். புருஷன் போன பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் இதைச் செய்கிறாள். ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, மகன் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்பாள். கையை ஆட்டமாட்டாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். பள்ளிக்கூடத்தில் போட்டோவுக்கு நிறுத்திய பிள்ளை மாதிரி நேராய் நிற்பாள். அன்றைக்கும் நின்றாள். பெலிக்ஸ் திரையில் அவள் முகத்தைப் பார்த்தான். கழுத்தில் ஜெபமாலை. நெற்றி வெறுமையாய் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு தாயும் அந்தப் பக்கம் ஒரு மகனும் வாய் பேசாமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பேசிய ஒரே பேச்சைத் தன் பைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறவன் தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"போதுமாய்யா?" என்று சந்தனம் கேட்டாள்.

"போதும் பெரியம்மா" என்றான்.

அவள் போனதும் லைவை நிறுத்தினான். கோவிலுக்குப் பின்னால் முந்திரி மரத்தடிக்குப் போய்க் கார்முகிலுக்குப் போன் போட்டு, அந்த வீடியோவைச் சத்தத்தோடு அனுப்பப் போகிறேன், அதில் உன் பேச்சும் இருக்கிறது என்றான். கார்முகில் பதறிவிட்டான்.

"ஏன்டா, வேலியில போறத எடுத்து மடியில விட்டுக்கிற? ஊம வீடியோதான் குடுத்தாச்சுல்ல. அதோட விட்டுத் தொலையேன்."

"அவுக ஆத்தா பேசுறது அதுல இருக்குடா."

சரி, எம் பேரையும் சொல்லிரு, ஸ்கேனர் நாந்தான்னு என்று சொல்லிக் கார்முகில் போனை வைத்துவிட்டான்.

பெலிக்ஸ் முதலில் ஒரு குரல் செய்தி பேசினான். அண்ணே, நெட்டு போகல. ரெக்கார்டு ஆயிருந்துச்சு. நாந்தான் அழிச்சேன். ஏன் அழிச்சேன்னு இதைக் கேட்டா ஒங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சு என் பேச்சு. எனக்கு விசா வராத எரிச்சல் அண்ணே, வேற ஒண்ணும் இல்ல. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினான். அதை அனுப்பினான். அதற்குக் கீழே அந்தத் துண்டை, சத்தத்தோடு, அனுப்பினான்.

இரண்டு நீலக் கோடும் உடனே விழுந்துவிட்டன. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. பெலிக்ஸ் மரத்தடியிலேயே குந்தியிருந்தான். முந்திரிப் பூவின் வாடை தலையைச் சுற்றியது. வீட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. மத்தியான வெயில் நிழலைத் தின்று, இவன் கால் வரைக்கும் வந்தபோது போன் அடித்தது.

எடுத்தான். எதிர்ப்பக்கம் வண்டி இன்ஜின் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி."

"அண்ணே."

"எங்காத்தா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. எங்கப்பா குடிச்சிட்டு வந்து சோத்துச் சட்டியத் தூக்கி எறிவாரு, அப்பக்கூட அது வாயத் தெறக்காது. அன்னைக்கி ஏன் இப்புடிக் கத்துதுன்னு திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்."

பெலிக்ஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஒன் பேச்சு என் காதுல விழுந்துறக் கூடாதுன்னு கத்தியிருக்குடா. புருசன் பெட்டியில கெடக்காரு, அத விட்டுப்புட்டு எந்திரிச்சி வந்து, எனக்குக் கேக்காம மறச்சிருக்கு."

பெலிக்ஸுக்கு அது அதுவரைக்கும் தோன்றவே இல்லை. மகனைப் பார்த்துப் பேச ஆசைப்பட்டு வந்தாள் என்றுதான் நினைத்திருந்தான். அவள் எழுந்த வேகமும், வந்து நின்ற இடமும், இவன் முகத்தை ஒருதடவைகூடப் பார்க்காமல் போனையே பார்த்துப் பேசியதும் இப்போது வரிசையாய் வந்து நின்றன. ஏய்யா தாசு, இங்கிட்டுப் பாருய்யா, ஒங்கப்பாவப் பாரு, நல்ல மொகமாத்தான் போறாக, நீ வரலைன்னு அவுக ஒண்ணும் நெனைக்கல, வண்டியப் பாத்து ஓட்டு, நேரத்துக்குச் சாப்புடு. இவன் காதுக்கருகில் நின்றுதான் அவ்வளவையும் சொன்னாள். இவன் அப்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

மன்னிச்சிருங்கண்ணே என்று சொன்னான். அந்த வார்த்தை காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி எடையே இல்லாமல் விழுந்தது.

"கோவம் இருக்குடா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீ நேர்ல நின்னா ரெண்டு அப்பு அப்பியிருப்பேன்." ஆரோக்கியதாஸ் மூக்கை உறிஞ்சினான். "ஆனா நீ சொன்னதுல ஒண்ணு சரிதான். நான் எல்லாத்தையும் அனுப்பித்தான் வச்சேன். வீட்டுக்கு அனுப்புனேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்புனேன். பொட்டி கூட நான் அனுப்புன காசுதான். மண்ணு ஒண்ணத்தான் அனுப்ப முடியல."

"அண்ணே, அப்புடிச் சொல்லாதீங்க."

"நீ போயி எனக்காக ஒரு கை மண்ணு போட்டுரு. போன எடுத்துக்கிட்டுப் போவாத. லைவெல்லாம் வேணாம். போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு, அது போதும்."

வைக்கப்போகிற நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசையை நிறுத்திவிடாதே என்றும் சொன்னான். இவனுக்காகச் சொல்லவில்லை, ஆத்தாவைப் பார்க்க வேறு வழியில்லை என்று.

பெலிக்ஸ் போனைக் கோவில் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தான். போகிற வழியில் எதிரே வந்த இரண்டு மூன்று பேர், எங்கப்பா இந்த வேகாத வெயிலில் என்று கேட்டார்கள். கல்லறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனான். வாசல் இரும்புக் கதவு காந்தியது.

அடைக்கலத்தின் மேட்டில் மண் இறுகிப்போயிருந்தது. தலைமாட்டில் மரச்சிலுவை. மாலை கருகி நார் மட்டும் கிடந்தது. பெலிக்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் போட்டான். மண் அள்ளப் பார்த்தால் வரவில்லை. நகத்தால் நோண்டி ஒரு கட்டியைப் பெயர்த்தான். தினமும் உளி பிடித்துக் காய்த்த கைக்கே அந்தக் கட்டியை நொறுக்கிப் பொடியாக்க அவ்வளவு நேரம் ஆயிற்று. உள்ளங்கையை மேட்டின் மேல் நீட்டி, தாஸ் அண்ணனுக்காக என்று வாய்விட்டுச் சொல்லி மெல்ல விட்டான்.

பின்னால் சேலை சரசரத்தது. சந்தனம் நின்றாள். ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு கையில் மெழுகுவத்திக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் இங்கே வருவாள் என்பது இவனுக்கு எப்படித் தெரியும். எழுந்திருக்கப் பார்த்தான்.

"அவன் போடச் சொன்னானா?" என்றாள்.

தலையை ஆட்டினான்.

அவள் சிலுவைக்குப் பக்கத்தில் குந்தி, மெழுகுவத்தியைக் கல் மறைவில் ஊன்றிக் கொளுத்தினாள். காற்றில் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். பெலிக்ஸ் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் இந்த ஜென்மத்தில் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"பெரியம்மா, அன்னைக்கி இங்க நான் ஒண்ணு பேசுனேன்."

"கேட்டுச்சு" என்றாள் சந்தனம். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மேட்டில் முளைத்திருந்த ஒரு புல்லைப் பிடுங்கித் தூரப் போட்டாள். இன்னொன்றையும் பிடுங்கினாள்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அழுவாள் என்று காத்திருந்தான். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் ரொம்பவும் பயந்தான். அவள் அது எதையும் செய்யவில்லை. பாட்டிலைத் திறந்து மேட்டின் மேல் தண்ணீரைச் சுற்றி ஊற்றினாள். இறுகிய மண் மெல்லக் கறுத்து இளகியது.

"ஒனக்குள்ளதையும் போடு" என்றாள். "அன்னைக்கி ஊரே போட்டுச்சு. ஒன் கையில போனுதான இருந்துச்சு."

பெலிக்ஸ் குனிந்து ஈர மண்ணை ஒரு பிடி அள்ளினான். அவள் அவனைப் பார்க்காமல் மெழுகுவத்தியை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மண் விரலிடுக்கில் பிதுங்கி மணிக்கட்டில் வடிந்தது. கையை நீட்டினான். விரலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். வெகுநேரம் அவன் நீட்டிய கையோடு அப்படியே முழங்காலில் இருந்தான்.